மூடியைப் பார், முட்டையைப் பார்
நன்னீர் நத்தைகளை இனங்காணல் – குழுவாகப் படிப்பதற்கான பாடம்

ஒரு காலபோக விதைப்புக்கு முன்னர், ஒரே மாதத்தில் இரண்டு ஊர்களில் நத்தை பற்றி என்னிடம் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் கேட்டவர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள். இரண்டு இடத்திலும் ஒரு பிழை நடக்க இருந்தது. அவை ஒன்றுக்கொன்று நேர்மாறான பிழைகள். அதனாலேயே இந்தப் பாடத்தை எழுத வேண்டியதாயிற்று.

முதலாவது ஊர் மீளக்குடியமர்ந்த ஊர். குளக்கட்டில் மருதமர நிழலில் கமக்காரர் அமைப்பின் கூட்டம். வேறொரு நாட்டில் நத்தைகள் நெல்வயலை மொட்டையடித்துவிட்ட படம் ஒன்று யாருடையதோ கைத்தொலைபேசிக்கு வந்திருந்தது. முதல் மழைக்குப் பின் தங்கள் வாய்க்காலிலும் பெரிய பெரிய நத்தைகள் ஊர்வதைக் கண்டவர்களுக்குப் பயம் பிடித்துவிட்டது.

"சுவாமி, உது வெளிநாட்டு நத்தையாம். காசு சேர்த்து மருந்து எடுத்து வாய்க்காலிலை போட்டால் ரெண்டு நாளிலை அலுவல் முடிஞ்சிடும்" என்றார் ஒரு பெரியவர்.

"ஐயா, மருந்தைப் போட முதல் ஒரு நத்தையைக் கொண்டு வாங்கோ பாப்பம்" என்றேன். ஒரு பையன் ஓடிப்போய் இரண்டை எடுத்து வந்தான். பச்சை கலந்த கபில நிறம். திருப்பி வாயைப் பார்த்தோம். வாயை அடைத்திருந்த மூடியை நகத்தால் தட்டினால் பீங்கான் போலச் சத்தம் வந்தது. அது எங்கள் குளத்து நத்தை. அந்தப் பெரியவரின் பாட்டன் அந்த வயலை உழுத காலத்திலும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

இரண்டாவது இடத்தில், காணி இன்னும் கிடைக்காத குடும்பங்கள் தற்காலிகமாக இருக்கின்றன. ஒரு தங்கச்சி சிறுகடன் எடுத்து, மூன்று சீமெந்துத் தொட்டிகளில் கப்பி மீன் வளர்க்கிறார். நன்றாகவே வளர்க்கிறார். மீன் வாங்கியபோது வியாபாரி சில மஞ்சள் நத்தைகளைச் சும்மா கொடுத்திருக்கிறார், பாசியைத் தின்னும் என்று சொல்லி. நான் போன அன்று தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, வெளிறிய கபில நிறத்தில் முட்டைக் கட்டிகள் ஒட்டியிருந்தன. "வடிவாய்ப் பெருகுது பாதர், பக்கத்து வீட்டுப் பிள்ளையளும் கேக்குதுகள், குடுக்கப் போறன்" என்றார். தொட்டி கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தேன். ஒரு சிறு கானுக்குள்ளால் ஓடி, ஊர்க் குளத்தின் அலைகரைக்குப் போகிறது.

ஓரிடத்தில் எங்களுடையதை நஞ்சிட்டுக் கொல்லப் போனார்கள். மற்ற இடத்தில் எங்களுடையது அல்லாததை ஊருக்குப் பங்கிட இருந்தார்கள். குறையாயிருந்தது நல்ல மனம் அல்ல, பார்க்கும் கண். அந்தக் கண்ணைப் பழக்க அரை மணித்தியாலம் போதும். கருவி எதுவும் வேண்டியதில்லை.

பொன் நத்தை ஏழைகளுக்கு உதவியாக வந்த கதை

கைத்தொலைபேசிப் படத்தில் வந்த நத்தைக்கு ஆசிய நாடுகளில் தங்க அப்பிள் நத்தை என்று பெயர். விஞ்ஞானப் பெயர் பொமேசியா கனலிக்குலாற்றா. தென் அமெரிக்காவின் ஆர்ஜென்ரீனா, உருகுவே பக்கத்துச் சதுப்பு நிலங்களே அதன் பிறப்பிடம். அது ஆசியாவுக்குத் தானாக நீந்தி வரவில்லை. 1980ஆம் ஆண்டளவில் தாய்வானுக்கு உணவுக்காகக் கொண்டுவரப்பட்டது. பின்னர் 1980களின் முற்பகுதியில் பிலிப்பைன்ஸுக்கு வந்தது. வறிய கிராமக் குடும்பங்களுக்குப் புரதம், கொல்லைப்புறத்தில் ஒரு வருமானம், ஏற்றுமதிக்கு ஒரு பொருள் என்று சொல்லி வாழ்வாதாரத் திட்டமாகவே அது பரப்பப்பட்டது.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். ஏனெனில் நானும் வாழ்வாதாரத் திட்டங்கள் எழுதுகிறவன். "குறைந்த முதலீடு, விரைவான பெருக்கம், பெண்கள் வீட்டிலிருந்தே செய்யலாம்" என்ற வசனங்களை எத்தனை விண்ணப்பங்களில் எழுதியிருப்பேன்! அந்த நத்தைத் திட்டத்தை எழுதியவரும் இதே வசனங்களைத்தான் எழுதியிருப்பார். அவை பொய்யுமல்ல. நத்தை விரைவாகத்தான் பெருகியது. ஆனால் இறைச்சியின் சுவை சனங்களுக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டுச் சந்தைகளின் சுகாதார விதிகள் தடையாக நின்றன. வாங்க ஆளில்லாத நத்தையை யார் தீனி போட்டு வளர்ப்பார்கள்? தொட்டிகள் கைவிடப்பட்டன. சில நத்தைகள் தப்பின, சிலவற்றை வாய்க்காலில் கொட்டினார்கள். 1980களின் இறுதிக்குள் அந்த நாட்டில் ஏறக்குறைய 4 இலட்சம் ஹெக்டயர் நெல்வயலில் அது பரவிவிட்டது. ஒரு ஹெக்டயர் இரண்டரை ஏக்கர் அளவு என்பதை நினைத்துக் கணக்குப் பாருங்கள்.

அதன் வேலை எளிமையானது. இரவில் நீருக்குள்ளால் வந்து இளம் பயிரின் அடித்தண்டை அறுத்துத் தின்னும். காலையில் பார்த்தால் ஓரிடத்தில் வெட்டவெளி, நீரில் மிதக்கும் இலைத் துண்டுகள். நாற்று நட்ட வயலில் முதல் 15 நாள் ஆபத்து. நேரடியாக விதைத்த வயலில் ஏறக்குறைய 30 நாள் வரை ஆபத்து. தண்டு முற்றிய பிறகு அதனால் அறுக்க முடியாது. வன்னியிலும் கிழக்கிலும் நாங்கள் பெரும்பாலும் வீசி விதைக்கிறவர்கள். அதிலும் புழுதி விதைப்பில் முளை எழும்பும்வரை வயலில் நீர் நிற்பதில்லையாதலால் நத்தைக்கு வழியில்லை. சிறுபோகத்தில் சேற்று விதைப்புச் செய்கிறவர்களுக்கே அது வந்தால் முதல் அடி விழும்.

பிலிப்பைன்ஸ் கமக்காரர்கள் முதலில் நஞ்சைத்தான் நாடினார்கள். வெள்ளீயச் சேர்மம் கலந்த நஞ்சுகளை அள்ளித் தெளித்தார்கள். நத்தை செத்தது, கூடவே மீனும் செத்தது. வெறுங்காலுடன் வயலில் இறங்கியவர்களின் தோலும் நகமும் கண்ணும் பாதிக்கப்பட்டன. அந்த நஞ்சுகள் பின்னர் தடைசெய்யப்பட்டன. நத்தையோ இன்றுவரை இருக்கிறது. அவர்கள் முன்பு வயலில் பிடித்துச் சமைத்துத் தின்ற சொந்த நாட்டு நத்தை அரிதாகிவிட்டது.

இது பழங்கதையும் அல்ல. ஸ்பெயின் நாட்டின் நெல் விளையும் கழிமுகம் ஒன்றில் இந்த இன நத்தைகள் புகுந்தபின், 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் பொமேசியா சாதி நத்தைகள் எல்லாவற்றினதும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தது. 2020இல் கென்யா நாட்டின் முவேயா நெற்செய்கைத் திட்டத்தில் தங்க அப்பிள் நத்தை கண்டுபிடிக்கப்பட்டது.

முட்டை சொல்லும் சாட்சி

இனி இனங்காணலுக்கு வருவோம். முதலில் ஒரு எச்சரிக்கை: நிறத்தை நம்ப வேண்டாம். "மஞ்சள் என்றால் வெளிநாடு, கறுப்பு என்றால் எங்களது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது தவறான அடையாளம். தங்க அப்பிள் நத்தை பெயரில் தங்கமே தவிர, வயலில் பெரும்பாலும் கபில நிறமாகவும் கோடு விழுந்ததாகவும் இருக்கும். பாசி படிந்தால் எல்லா நத்தையும் ஒரே நிறம்தான்.

முட்டையைப் பாருங்கள். நத்தை மறைந்திருக்கும், ஆனால் முட்டையை மறைக்க முடியாது.

நீர்மட்டத்துக்கு மேலே, தண்டிலோ கல்லிலோ துருசின் சுவரிலோ, பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறத்தில், மணிகளை நெருக்கி ஒட்டியதுபோன்ற கட்டியைக் கண்டால் அது தங்க அப்பிள் நத்தையாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டியில் சில நூறு முட்டைகள் இருக்கும். பொரிக்கும் நாள் நெருங்க நிறம் வெளிறும். ஒன்று தொடக்கம் இரண்டு கிழமைக்குள் பொரித்துக் குஞ்சுகள் நீரில் விழும். அந்த நிறம் பறவைகளை அழைப்பதற்கல்ல, விரட்டுவதற்கு. முட்டைக்குள் நஞ்சு உண்டு. ஆகையால் அதைத் தின்னும் உயிர்கள் மிகக் குறைவு. வெறுங்கையால் பிசைய வேண்டாம் என்று சொல்வதும் அதனாலேயே.

நீருக்கு மேலேதான், ஆனால் நிறம் வெளிறிய கபிலமாக, சிலவேளை சற்றே சிவப்பு ஓடியதாக, தேன்கூட்டுத் துண்டுபோல ஒழுங்கற்ற கட்டியாக இருந்தால், அது பெரும்பாலும் வளர்ப்பு மீன் கடைகளில் விற்கப்படும் அப்பிள் நத்தை. பொமேசியா டிபியூசா என்பது இதன் பெயர். அமேசன் ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது. தங்கச்சியின் தொட்டியில் நான் கண்டது இதுதான்.

எங்கள் குளத்து நத்தையோ வெள்ளை முட்டை இடும். அதுவும் தண்டில் ஏறி இடுவதில்லை. குளக்கரையின் ஈரமண்ணில், குழிக்குள் அல்லது மறைவான இடத்தில் குவியலாக இடும். வரம்பு வெட்டும்போது மண்வெட்டியில் வெள்ளை மணிகள் வந்து விழுவதைக் கண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

நீருக்குள்ளே, இலையின் அடிப்பக்கத்தில், கண்ணாடிபோன்ற பசைக்குள் சிறு புள்ளிகளாக முட்டை இருந்தால் அது சிறு நத்தைகளில் ஒன்று. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மூடி சொல்லும் சாட்சி

முட்டை கிடைக்காவிட்டால், கோழி முட்டை அளவுக்குக் கிட்டவரும் பெரிய உருண்டை நத்தையாகப் பார்த்து எடுங்கள். அது தன்னை உள்ளே இழுத்து வாயை மூடும்வரை பொறுத்திருந்து, மூடியை நகத்தால் அழுத்துங்கள். கல்லுப்போலக் கடினமாய், தடிப்பாய், வளையாமல் இருந்தால் அது எங்கள் நாட்டு நத்தை. பைலா சாதியைச் சேர்ந்தது. அதன் மூடியில் சுண்ணாம்பு இருக்கிறது. கோடையில் குளம் வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து, இந்தக் கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு மாதக்கணக்காய் உயிரோடு கிடக்கும். காய்ந்த வயலை உழும்போது கட்டியோடு கட்டியாக வாய்மூடிய நத்தை வெளியே வருவது இதுதான்.

மூடி மெல்லியதாய், கபில நிறத்தில், எங்கள் கைநகம்போல அழுத்தினால் சற்று வளைந்து கொடுத்தால் அது பொமேசியா சாதி. கடை நத்தையாகவும் இருக்கலாம், தங்க அப்பிள் நத்தையாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க ஓட்டின் முதுகைப் பாருங்கள். சுருளும் சுருளும் சேரும் இடத்தில், விரல் நகம் புதையும் ஆழமான வாய்க்கால்போன்ற பள்ளம் இருந்தால் அது தங்க அப்பிள் நத்தை. அதன் விஞ்ஞானப் பெயரே அந்த வாய்க்காலைக் குறிப்பதுதான். பள்ளம் ஆழமில்லாமல், சுருளின் தோள் படிக்கட்டுப்போலத் தட்டையாய்ச் சதுரித்து நின்றால் அது கடை நத்தை. இரண்டும் அருகருகே இருந்தால் இலகு. ஒன்று மட்டும் கையில் இருந்தால் தடுமாற்றம் வரும். அப்போது முட்டைக்குத்தான் திரும்பிப் போகவேண்டும்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. எங்கள் குளங்களில் வாழும் பெல்லாமியா என்ற நடுத்தர அளவு நத்தைக்கும் மூடி மெல்லியதுதான். ஆனால் அது முட்டையே இடாது, குஞ்சாகவே ஈனும். ஓடும் உருண்டையாயிராமல் கூம்பாக உயர்ந்திருக்கும். ஆகவே மூடிச் சோதனையைப் பெரிய உருண்டை நத்தைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் கோதுமைக்குள் களை விதைக்கப்பட்ட உவமை வருகிறது. களையைப் பிடுங்கப் போய்க் கோதுமையையும் பிடுங்கிவிடுவீர்கள் என்று வேலையாட்களைத் தலைவர் தடுக்கிறார். குளக்கட்டுக் கூட்டத்தில் எனக்கு அந்த வேலையாட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ஆனால் நத்தை விடயத்தில் அறுவடை வரை பொறுத்திருக்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தொட்டியில் வரும் சிறு நத்தைகள்

மீன் வளர்ப்பவர்கள் நீர்ச்செடி வாங்கினால் அதோடு கேட்காமலே சிறு நத்தைகளும் வரும். ஊசிக் கூம்புபோல நீண்டு, மணலுக்குள் புதைந்து திரிவது எக்காள நத்தை எனப்படும் மெலனொயிடிஸ். அது எங்கள் குளங்களுக்கும் ஆறுகளுக்கும் உரியது. இங்கே அதனால் வில்லங்கம் இல்லை. ஆனால் இதே நத்தை மீன்தொட்டி வியாபாரத்தோடு அமெரிக்காவுக்குப் போய், அங்குள்ள நீரூற்றுகளில் ஆக்கிரமிப்பாளன் என்று பெயர் எடுத்திருக்கிறது. எங்கள் ஊரில் சாது, அயலூரில் சண்டியன்! நத்தையைப் பற்றிக் கேட்கும்போது "எந்த ஊரில்" என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

விரல்நகத்தளவில் மெல்லிய ஓட்டோடு இன்னொன்று உண்டு. கூர் மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கப் பிடியுங்கள். வாய் இடப்பக்கமாக இருந்தால் அது பைசா என்னும் நத்தை. மீன்தொட்டிகள் மூலமாக உலகெங்கும் பரவியது. தொட்டிக்குத் தொல்லை, நெல்லுக்கு எதிரியல்ல. வாய் வலப்பக்கமாக இருந்தால் அது பெரும்பாலும் லிம்னியா வகை.

தட்டையாக, சுருட்டிய பாய்போல இருப்பதை ஆட்டுக்கொம்பு நத்தை என்கிறார்கள். எங்கள் வயல்களிலேயே ஒரு வகை உண்டு. இதையும் லிம்னியாவையும் தீங்கற்றவை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனமில்லை. பயிருக்குத் தீங்கற்றவை, உண்மை. ஆனால் மாட்டுக்கு வரும் ஈரல் தட்டைப்புழு லிம்னியா நத்தைக்குள்தான் வளர்கிறது. மாட்டின் இரத்தக்குழாயில் வாழும் தட்டைப்புழு தட்டைச் சுருள் நத்தைக்குள் வளர்கிறது. அந்தப் புழுவின் குஞ்சுகள் நீரில் நீந்தி மனிதத் தோலில் புகப் பார்ப்பதனால்தான், சில வயல்களில் இறங்கி ஏறியதும் கால் அரிப்பெடுக்கிறது. இந்த நத்தைகள் மலிந்த குட்டையில் மாடு குடிக்கவும் மேயவும் விடாதிருந்தால் நல்லது. மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் காலத்தை மிருக வைத்தியரிடம் கேட்டு அறியுங்கள். நத்தையை ஒழிக்கப் புறப்படவேண்டாம்.

இங்கே நிலைமை என்ன?

ஆய்வாளர்கள் இலங்கையில் நிலைகொண்டுவிட்டதாகப் பதிவு செய்திருப்பது கடை நத்தையாகிய டிபியூசா. அது பெரும்பாலும் பாசியையும் அழுகிய இலையையும் தின்பது. நெல்லை அறுப்பதில் அதன் உறவினன் அளவுக்குக் கெட்டதல்ல. அப்படியானால் ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பீர்கள். காரணம் எளிது. வியாபாரிக்கு இரண்டும் "அப்பிள் நத்தை"தான். பெட்டியில் எழுதிய பெயரை நம்பி ஒரு குளத்தை ஈடு வைக்க முடியாது. ஒருமுறை குளத்துக்குள் போன நத்தையைத் திருப்பி எடுத்த ஊர் எதையும் நான் கேள்விப்படவில்லை.

அழகுக்கென்று வந்தவற்றின் கணக்கு எங்களிடம் ஏற்கெனவே நீண்டது. ஆகாயத்தாமரை 1905ஆம் ஆண்டளவில் பூவுக்காகக் கொண்டுவரப்பட்டது. 1909இல் அதை ஒழிக்கச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. சல்வீனியா 1939இல் தாவரவியற் படிப்புக்காக வந்தது. இன்று எத்தனை குளங்களை மூடிக்கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பார்த்தீனியம் 1987இன் பின் இந்தியப் படையினரோடு வந்ததாகக் கூறப்படுகிறது. அதைப் பிடுங்கித் தோல் தடித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களிலும் இருப்பீர்கள்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிக் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். குற்றம் சொல்வதற்காக அல்ல. ஊர் ஊராக அலைந்தவர்களின் வீட்டுக்குத்தான் உதவிப் பொருளாக எல்லாம் வருகிறது: கன்று, குஞ்சு, மீன், செடி. தருகிறவர் யாரானாலும், நாங்கள் உட்பட, "இது எங்கேயிருந்து வந்தது, தப்பினால் என்ன செய்யும்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மேலும், பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்த குளத்துக்கும் வாய்க்காலுக்கும் இப்போதுதான் திரும்பிப் போகிறோம், அல்லது போகக் காத்திருக்கிறோம். விதைநெல்லையே கடனாக வாங்கி விதைக்கிறவருக்கு ஓரிரவில் அரை ஏக்கர் போனால் அந்தப் போகமே போனதாகும்.

செய்யவேண்டியது

மீன் வளர்ப்பவர்களுக்கு: தொட்டித் தண்ணீரைக் கானுக்கோ வாய்க்காலுக்கோ விடவேண்டாம். தென்னை, வாழையடியில், காய்ந்த மேட்டு நிலத்தில் ஊற்றுங்கள். பயிருக்கும் அது நல்ல பசளை. புதிதாக வாங்கிய செடியை மூன்று கிழமை தனி வாளியில் வைத்துக் கவனியுங்கள். நத்தையும் பசை முட்டையும் அதற்குள் வெளிப்படும். வேண்டாத செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்து எரியுங்கள். அப்பிள் நத்தை வைத்திருப்பதானால் அயலுக்குப் பங்கிடாதீர்கள். கிழமைக்கு இரண்டு தரம் சுவரைப் பார்த்து முட்டைக் கட்டியைச் சுரண்டி நசித்துவிடுங்கள். விட்டுவிட விரும்பினால் கொதிநீரில் போட்டுப் புதையுங்கள். பாவம் என்று குளத்தில் விடுவது இரக்கமல்ல.

வயலிலோ குளத்திலோ இளஞ்சிவப்பு முட்டையைக் கண்டால், இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, ஒரு நத்தையையும் மூடியுள்ள போத்தலில் அடைத்து அன்றே கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்டவற்றைக் கட்டுப்படுத்தவே இருக்கிறது. மற்ற முட்டைக் கட்டிகளைப் பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு நசித்து நீருக்குள் அமிழ்த்தலாம். நீருக்குள் கிடந்தால் அவை பொரிப்பது அரிது.

பிற நாட்டுக் கமக்காரர் பட்டுத் தெளிந்த வழிகளும் உண்டு. நீர் வரும் வாயில் கம்பிவலை கட்டுகிறார்கள். பயிர் இளசாயிருக்கும் காலத்தில் நீரை 2 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறவிடுவதில்லை. அவ்வளவு நீரில் நத்தை நடமாடமாட்டாது. வயலுக்குள் சிறு கான் வெட்டி நீரை வடித்தால் நத்தைகள் அந்தக் கானுக்குள் சேரும். மரவள்ளி, பப்பாசி இலைகளைப் போட்டால் அதில் மொய்க்கும். காலையிலும் மாலையிலும் பொறுக்கலாம். ஆங்காங்கே தடி நட்டால் அதில் ஏறி முட்டையிடும், தடியோடு எடுத்துவிடலாம். உழவுக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் தாரா விடுகிறார்கள். நத்தையைக் கொண்டே களை கட்டுப்படுத்தலாம் என்று சில நாடுகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். அது நத்தை ஏற்கெனவே வந்துவிட்டவர்களின் சாமர்த்தியம். வராதவர்கள் வரவழைத்துப் பார்க்கத் தேவையில்லை.

நத்தை பொறுக்கிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளை வாயில் வைக்க விடாதீர்கள். சமைத்து உண்கிறவர்கள் நன்றாக அவிக்கவேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால், எலியிலிருந்து நத்தைக்கு வரும் ஒரு புழு மனித மூளை உறையைத் தாக்கக்கூடும். நத்தைச் சாற்றைப் பச்சையாகக் குடிக்கும் கைவைத்தியம் இனி வேண்டாம்.

எங்கள் நாட்டு நத்தையை விட்டுவைப்பதால் யாருக்கு நன்மை என்று முதலாவது ஊரில் ஒரு தம்பி கேட்டார். பதிலுக்குக் குளத்தின் அலைகரையைக் காட்டினேன். அங்கே நத்தைகுத்தி நாரை ஐந்தாறு நின்றன. சொண்டின் நடுவில் இடைவெளி உள்ள பறவை அது. நத்தையே அதன் சாப்பாடு. தாய்லாந்தில் தங்க அப்பிள் நத்தை பெருகியபோது அதைத் தின்று குறைக்க உதவியது இதே நாரைதான். வாய்க்காலில் நஞ்சு போட்டிருந்தால் நத்தையோடு விராலும் கெளுத்தியும் போயிருக்கும், நாரை வேறு குளம் பார்த்திருக்கும், மாடு குடிக்கும் தண்ணீரும் கெட்டிருக்கும். சேர்த்த காசில் அவர்கள் பின்னர் துருசின் வாய்க்குக் கம்பிவலை வாங்கிப் பூட்டினார்கள். தங்கச்சி தொட்டிக் கானை மறித்து, கழுவும் தண்ணீரை வாழைக்குத் திருப்பியிருக்கிறார். மஞ்சள் நத்தை இரண்டை மட்டும் போத்தலில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கு மூடியைக் காட்டுவதற்கு.

குழுவாகச் செய்ய

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு நத்தையோ வெற்று ஓடோ கொண்டு வாருங்கள். உயிருள்ளதை ஈரத்துணியில் சுற்றி, மூடியுள்ள போத்தலில் கொண்டு வந்து, எடுத்த இடத்திலேயே திரும்ப விடுங்கள். அது பொமேசியாவானால் விடவேண்டாம். எல்லாவற்றையும் சாக்கில் பரப்பி, முதலில் பிள்ளைகளைக் கொண்டு பிரிக்கச் செய்யுங்கள். பெரியவர்கள் வாய் திறக்காமல் பார்த்திருக்கட்டும். எந்த அடையாளத்தைக் கொண்டு பிரித்தார்கள் என்று கேளுங்கள். நிறத்தைச் சொன்னால் இன்னொரு தரம் பிரிக்கச் சொல்லுங்கள். பின்னர் உங்கள் ஊர்ப்படத்தை நிலத்தில் கீறி, வளர்ப்பு மீன் தொட்டிகள் எங்கே இருக்கின்றன, அவற்றின் தண்ணீர் எந்தக் கானால் எந்த வாய்க்காலுக்குப் போகிறது, அந்த வாய்க்கால் யார் யாருடைய வயலுக்குப் பாய்கிறது என்று குச்சியால் கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு தொடும் வயற்காரர்களும் தொட்டிக்காரர்களும் அன்றைக்கே ஒன்றாக இருந்து பேசட்டும்.